பதினாலு கத்தி செட்டா, ஒரே ஒரு நல்ல கத்தியா?

"விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவர் தினமும் ரசித்துச் சமைப்பவர். மரக்கட்டையில் செருகிய பதினாலு கத்திகள் கொண்ட செட் ஒன்றைப் பரிசாகப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா, அதே பணத்தில் வேறு நல்ல சாமான் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். பதினாலு கத்தி செட்டில் உங்கள் பணமும் பதினாலாகப் பிரிந்துவிடுகிறது. மரக்கட்டைக்கு ஒரு பங்கு, கத்திரிக்கோலுக்கு ஒரு பங்கு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் ஆறு மேசைக் கத்திகளுக்கு ஒரு பங்கு. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அந்த ஆறும் உள்ளே வருகின்றன. அக்கா தினமும் கையில் எடுக்கப்போகும் பெரிய கத்திக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வீட்டில் சமைப்பவருக்கு 20 செ.மீ. அலகுள்ள பெரிய கத்தி ஒன்று, தோல் சீவவும் காம்பு கிள்ளவும் விரல் நீளத்தில் சின்னக் கத்தி ஒன்று, ரொட்டியும் பழுத்த தக்காளியும் நசுங்காமல் அறுக்கப் பல் வைத்த கத்தி ஒன்று. இந்த மூன்றோடு வேலை முடிந்துவிடும். மற்றவை கட்டையிலேயே இருந்து தூசி சேர்க்கும்.

கருவிக்குப் போகும் முன் அக்காவின் சமையலறைக்குப் போவோம். நேரில் போக முடிந்தால் அரைமணி நேரம் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுங்கள். அவர் எந்தச் சாமானைத் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். கத்தி தக்காளித் தோலில் வழுக்குகிறதா? வாணலியின் நடுவில் மட்டும் கருகுகிறதா? பலகை மேடையில் நழுவுகிறதா? திட்டு வாங்கும் அந்தச் சாமானின் நல்ல வடிவம்தான் உங்கள் பரிசு. தொலைவில் இருந்தால் போனில் கேளுங்கள், ஆனால் "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "சமைக்கும்போது எதில் உனக்கு எரிச்சல் வருகிறது?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்.

இப்படிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. புது வேலையைக் கொண்டுவரும் கருவியை வாங்காமல் தப்பிப்பீர்கள். முட்டையை வட்டமாக வெட்ட ஒன்று, ஆப்பிளை எட்டாகப் பிளக்க ஒன்று, பூண்டை உரிக்க ஒரு ரப்பர் குழாய் என்று ஒரே வேலைக்குப் பிறந்த சாமான்கள் கடையில் அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் இழுப்பறை திறக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். அதற்குள்ளிருந்து அதைத் தேடி எடுத்துக் கழுவி வைக்கும் நேரத்தில் கத்தியாலேயே அந்த வேலையை முடித்துவிடலாம்.

இனி கத்தி. இதில்தான் கொடுத்த காசு கையில் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துருப்பிடிக்காத எஃகு, நாம் எவர்சில்வர் என்று சொல்வது, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913இல் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடியபோது கிடைத்தது. அந்த ஊர் கத்திக்குப் பேர்போன ஊர் என்பதால் அது சாப்பாட்டு மேசைக்கு வர அதிக நாள் ஆகவில்லை. இன்றைய சமையலறைக் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெட்டியில் ராக்வெல் கடினம் என்று, எஃகு எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் ஓர் எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் சுமார் 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் 60ஐத் தாண்டும். எண் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும், விளிம்பை இன்னும் மெல்லிதாகத் தீட்டலாம். ஜெர்மன் கத்தியைப் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரியில் தீட்டினால் ஜப்பானியக் கத்தியைச் சுமார் 15 டிகிரியில் தீட்டுவார்கள். அதில் ஒரு குறையும் உண்டு: கடினமான எஃகு எலும்பில் பட்டாலோ, உறைந்த இறைச்சியில் வைத்துத் திருகினாலோ விளிம்பு பொடிப்பொடியாக உதிரும்.

ஆகவே 'எது உயர்ந்தது' என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் அக்கா கத்தியைக் கழுவித் துடைத்து உடனே வைப்பவரா, பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுவிடுபவரா? தேங்கிய தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுபவரா? கொஞ்சம் முரட்டுத்தனமாகப் புழங்குபவர் என்றால் 56, 57 கடினமுள்ள தடித்த கத்தியே நல்லது. மழுங்கும், ஆனால் உடையாது, தீட்டவும் எளிது. பொறுமையாகப் பராமரிப்பவர் என்றால் ஜப்பானியக் கத்தியை வாங்கிக் கொடுங்கள், முதல் தக்காளியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். குரோமியம் குறைந்த கார்பன் ஸ்டீல் கத்தி இரண்டு நாளில் நிறம் மாறும், ஈரத்தில் விட்டால் துருவே பிடிக்கும். அதை விரும்புபவர் தானே கேட்டு வாங்குவார். வியப்பூட்டும் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மூன்றை மட்டும் பாருங்கள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது, அங்கேதான் அழுக்கு சேரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் மேல்முதுகைப் பற்றும் இடத்தில் விளிம்பு கூரான மூலையாக இல்லாமல் உருட்டிவிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிலோ வெங்காயம் நறுக்குவதற்குள் விரலில் கொப்புளம் வரும். பலகைமேல் அலகை வைத்து முன்னும் பின்னும் ஆட்டும்போது அலகு பலகையைத் தொடும் இடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது. எடையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கனமான கத்தி பிடித்தவரும் உண்டு, பறவை இறகு மாதிரி வேண்டும் என்பவரும் உண்டு. அக்கா இப்போது வைத்திருக்கும் கத்தியின் எடைக்குப் பக்கத்தில் இருந்தால் பழகுவது சுலபம்.

அக்கா இடது கைக்காரரா என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் தீட்டிய பாரம்பரிய ஜப்பானியக் கத்திகள் பெரும்பாலும் வலது கைக்கென்றே செய்யப்படுபவை. இடது கையில் பிடித்தால் கோணலாக வெட்டும். பல் வைத்த கத்திகளிலும் ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை உண்டு. கத்திரிக்கோலுக்கும் இதே கதை.

கத்தியோடு ஒரு சாணைக்கல்லும் சேர்த்துக் கொடுங்கள் என்பேன். எவ்வளவு நல்ல கத்தியும் ஓரிரு வருடத்தில் மொக்கையாகிவிடும், அப்புறம் அதுவும் திட்டு வாங்கும் சாமான்தான். 1000 கிரிட் கல் ஒன்று போதும். கிரிட் என்பது கல்லின் நுணுக்கத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் கல் வழுவழுப்பாக இருக்கும். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது. மினுமினுப்பு வேண்டுமானால் 3000க்கு மேல். செட்டுகளில் வரும் நீளக் கம்பி கூர் தீட்டுவதற்கல்ல, மடிந்த விளிம்பை நிமிர்த்துவதற்கு. அதைத் தேய்த்துத் தேய்த்து 'கூரே வரவில்லை' என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடின எஃகுக் கத்தியை அதில் போட்டு உரசினால் விளிம்பு உதிரவும் கூடும்.

பலகை விஷயத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நண்பருக்குப் பூப்போட்ட கண்ணாடிப் பலகை பரிசளித்தேன். அடுத்த முறை போனபோது அதில் டீக் கோப்பைகளை வைத்துக் கொண்டுவந்தார். சரியாகத்தான் செய்திருக்கிறார்! கண்ணாடி, பளிங்கு, கிரானைட் மூன்றும் மரத்தைப் போல விட்டுக்கொடுக்காத கெட்டிப் பரப்புகள். ஒவ்வொரு வெட்டுக்கும் கூர் மடியும். கத்திக்கு மரம்தான் நண்பன். மரத்திலும் குறுக்கு வெட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகையில் நார்கள் மேல்நோக்கி நிற்பதால் கத்தி அவற்றின் இடையே இறங்கிவிடும், தழும்பும் குறைவாக விழும். ஆனால் அது கனம், விலையும் கூட. நீளவாக்கு மரப்பலகையே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பலகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. ஆனால் அக்கா வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அது நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுவ முடியாத பலகை சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று சொல்வார்கள். 1990களில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்தது. மரத்தில் விட்ட பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கி, பெருகாமல் மெல்ல மடிந்தன. கத்தித் தழும்பு விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வது எப்படியும் நல்லதுதான்.

பணம் அவ்வளவு இல்லையென்றால்? பெரிய சாமானில் மட்டமானதை வாங்குவதைவிடச் சின்னச் சாமானில் உச்சமானதை வாங்குங்கள். சமைப்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும்.

தோல் சீவியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் 1947இல் வந்த 'ரெக்ஸ்' என்ற ஒய் வடிவத் தோல் சீவி, ஒரு வளைந்த அலுமினியப் பட்டையும் ஒரு சுழலும் அலகும்தான். அந்த நாடு 2004இல் அதை அஞ்சல்தலையிலேயே அச்சிட்டது. இன்னொன்று 1990இல் அமெரிக்காவில் வந்தது. சாம் ஃபார்பர் என்பவரின் மனைவிக்குக் கைமூட்டு வலி. மெல்லிய உலோகப் பிடியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவர் தடித்த ரப்பர் பிடி வைத்த தோல் சீவியைச் செய்யவைத்தார், 'ஆக்ஸோ' பிராண்டு அப்படிப் பிறந்தது. வலி இல்லாதவர்களுக்கும் அந்தப் பிடிதான் பிடித்துப்போனது. உங்கள் அக்காவுக்கோ, அவரோடு இருக்கும் பெரியவருக்கோ விரல் மூட்டு வலி இருந்தால் பத்து கத்தியைவிட இந்த ஒரு தோல் சீவி பெரிய உதவி.

துருவியும் அப்படித்தான். சாதாரணத் துருவியில் தகட்டை அடித்துப் பிதுக்கிப் பல் செய்வார்கள், அது பொருளைக் கிழித்து நசுக்கும். 'மைக்ரோபிளேன்' வகையில் ஒவ்வொரு பல்லும் குட்டிக் கத்தி மாதிரி அரித்தெடுத்து உருவாக்கப்பட்டது. முதலில் அது மரம் இழைக்கும் அரம். 1994இல் கனடாவில் தச்சுக் கருவிக் கடை நடத்தியவரின் மனைவி, கேக்குக்கு ஆரஞ்சுத் தோலைத் துருவத் துருவி சரிப்படாமல், கடையிலிருந்த அந்த அரத்தை எடுத்துத் துருவினார். வெள்ளைப் பகுதி கலக்காமல் நிறத்தோல் மட்டும் பனித்துருவலாக விழுந்தது. அன்றிலிருந்து அது சமையலறைக்குக் குடிவந்துவிட்டது. எலுமிச்சைத் தோல், இஞ்சி, பூண்டு, ஜாதிக்காய், கெட்டிச் சீஸ் எல்லாம் ஒரே கருவியில். உறையோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், இழுப்பறையில் கைவிட்டால் விரலையும் துருவும்.

அக்கா கேக், ரொட்டி சுடுபவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஒரு டிஜிட்டல் தராசு. ஒரே கப்பில் மாவைத் தளர்வாகத் தூவி எடுத்தால் சுமார் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை வரும். 'போன தடவை நன்றாக வந்தது, இந்த முறை கல்லாகிவிட்டதே' என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு கிராம் துல்லியம், ஐந்து கிலோ வரை தாங்கும் திறன், பாத்திரத்தின் எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான் இருந்தால் போதும். பெரிய பாத்திரத்தை மேலே வைத்தால் எண் மறைந்துபோகும் தராசுகள் உண்டு, எண் பலகை முன்னால் இழுத்து வரும்படி இருந்தால் சிரமமில்லை. பேட்டரியும் ஒரு ஜோடி கூடவே வையுங்கள்.

இறைச்சி சமைப்பவருக்கு ஊசிமுனைத் தெர்மாமீட்டர். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அடுப்பில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சதையை வறட்டும். இரண்டு மூன்று நொடியில் எண் காட்டுவதை வாங்குங்கள். மெதுவான தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சூட்டில் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பனிக்கட்டித் தண்ணீரில் முக்கினால் 0 காட்ட வேண்டும், அதுதான் சோதனை.

வாணலி, சட்டி வகைகளில்தான் பரிசு கொடுப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அலுமினியம் சுமார் 15 மடங்கு. மெல்லிய ஸ்டீல் வாணலியில் தீ படும் இடம் மட்டும் கருகுவதற்கு இதுதான் காரணம். ஆகவே நடுவில் அலுமினியமும் இரண்டு பக்கமும் ஸ்டீலும் சேர்த்து அழுத்திய மூன்றடுக்கு வாணலி நல்ல பரிசு. அடியில் மட்டும் வட்டத் தகடு ஒட்டியதா, விளிம்பு வரைக்கும் மூன்றடுக்கு ஏறியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 18/10 என்று அடித்திருந்தால் 18 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல் என்று பொருள். பாத்திரம் எவ்வளவு தடிமன் என்பதை அது சொல்லாது. இண்டக்ஷன் அடுப்பா என்று முதலிலேயே விசாரியுங்கள். காந்தம் அடியில் ஒட்டாவிட்டால் அந்த அடுப்பில் சூடேறாது.

செம்புப் பாத்திரம் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே வெள்ளீயம் பூசியதென்றால் தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டும், வெளியே அடிக்கடி துலக்க வேண்டும். அதைப் பரிசாகக் கொடுப்பது வேலையைப் பரிசாகக் கொடுப்பது.

வார்ப்பிரும்புச் சட்டி வேறு ஜாதி. சூடேற நேரமாகும், ஏறியபின் அசையாது. எண்ணெய் தடவிச் சூடாக்கும்போது எண்ணெய் இறுகி, கெட்டியான ஒரு படலமாகப் படியும். சட்டியைப் பழக்குவது என்பது அதுதான். பழக்கிய சட்டி மகள் காலத்துக்கும் வரும், துருப்பிடித்தாலும் தேய்த்து மறுபடி பழக்கிவிடலாம். ஆனால் கை மணிக்கட்டு தாங்குமா என்று யோசியுங்கள், 30 செ.மீ. சட்டியை ஒரு கையால் தூக்கிச் சரிப்பது எல்லோருக்கும் ஆகாது. அந்தத் தொல்லை வேண்டாமென்றால் தட்டி எடுத்த கார்பன் ஸ்டீல் வாணலி, அதையும் பழக்க வேண்டும், எடை குறைவு.

நான்ஸ்டிக் வாணலியைப் பரிசாகக் கொடுக்க நான் தயங்குவேன். அந்தப் பூச்சு 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்சாதன வாயு ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டது. முட்டைக்கும் மீனுக்கும் அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கவனமாக வைத்துக்கொண்டாலும் சில வருடங்களில் தேயும். சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் வாணலியைப் பெருந்தீயில் மறந்துவிட்டால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும், எனவே கிளி வளர்க்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். பூச்சு தேயும் நாளில் உங்கள் பரிசு குப்பைக்குப் போகும்.

மரக்கரண்டி, இடுக்கி, வடிகட்டி, கலக்கும் கிண்ணம் இவற்றில் விலை கூடினாலும் வேலை பெரிதாகக் கூடாது. ஒரு விதிவிலக்கு: சிலிகோன் கரண்டி வாங்கினால் தலையும் பிடியும் ஒரே வார்ப்பாக இருப்பதைப் பாருங்கள், கழற்றும் தலைக்குள் பழைய மாவு ஒளிந்துகொள்ளும். பெரிய மாவு பிசையும் மெஷின், மேடையை அடைக்கும் எந்த மின்சாமானும் அவரே கேட்டிருந்தால் மட்டும். காய் சீவும் மாண்டலின் பலகை வாங்கினால், வெட்டுத் தாங்கும் கையுறையையும் அதே பெட்டியில் வைத்துக் கட்டுங்கள். பாதுகாப்புப் பிடியை முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் தேடுவதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கே வருகிறேன். அந்தப் பதினாலு கத்தி செட்டின் பணத்தை மூன்றாகப் பிரிப்பேன். பெரும்பங்கு 20 செ.மீ. கத்தி ஒன்றுக்கு. அடுத்து அவர் தொட்டிக்குள் நுழையும் மரப்பலகை. மிச்சத்தில் 1000 கிரிட் கல். கல்லோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: "மழுங்கும்போது கூப்பிடு, நான் வந்து தீட்டித் தருகிறேன்." தீட்டத் தெரியாவிட்டால் அதற்குள் ஒரு பழைய கத்தியில் பழகிக்கொள்ளுங்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். பில்லையும் பத்திரமாக வையுங்கள், கைக்குச் சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளட்டும். விமானத்தில் போகிறீர்கள் என்றால் கத்தியைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். முனைக்கு அட்டை சுற்றி, சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள்.